துபாயை வைத்துக்கொண்டு திருச்சியை வெட்டிய மகனுக்கு

மகன்,

வெட்கப்பட்டுத்தான் நீ பயணப் பட்டியலிலிருந்து இந்தியாவை வெட்டினாய். வெயில் என்று குழுவில் எழுதினாய். அதே பட்டியலில் துபாய் அதற்குப் பிறகும் இரண்டு நாள் வெட்டப்படாமல் இருந்தது. துபாயில் என்ன, பனியா கொட்டுகிறது? பொய் சொல்வதென்றால் அதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும். நீ அந்த உழைப்பைக் கூடச் செய்யவில்லை. குழுவில் இருக்கிற ஆறு பேரில் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். கேட்கக் கூடிய ஒருத்தி நான். என் வாயை எப்படி அடைப்பது என்பதும் உனக்குத் தெரியும்.

இதை ஏன் ஊர் வாசிக்கப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் சொன்னால் "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுகிறாய். பிறகு எடுப்பதில்லை. குழுவில் எழுதினேன், இரண்டு நிமிடத்தில் அழித்தாய். அச்சில் வந்ததை அழிக்க உன் போனில் பொத்தான் இல்லை. வாசிக்கிறவர்களுக்கு உன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரையும் போடவில்லை. அந்த அளவுக்கு உன்னைக் காப்பாற்றுகிறேன். அதற்கு மேல் காப்பாற்றுகிற எண்ணம் இல்லை.

வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகன் கொழும்பில் பெரிய வேலை பார்க்கிறான். போன வருடம் கல்யாணம் கட்டினான். மருமகள், தர்சினி என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பிள்ளை, அவளை இதற்குள் இழுக்கவில்லை. இவனுடைய அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டுகிற வேலையிலிருந்து இந்த வருடம் ஓய்வு பெற்றார். அதற்குப் பரிசாக ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணம். நாங்கள் இரண்டு பேர், இவர்கள் இரண்டு பேர், தர்சினியின் அம்மா அப்பா இரண்டு பேர். வட்ஸ்அப்பில் குழு தொடங்கி ஆறு நாடுகளைப் போட்டான். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பாலி, துபாய், இந்தியா. ஒன்று மிஞ்சும்வரை ஆளுக்கு ஒரு நாட்டை வெட்டலாம், காரணம் சொல்ல வேண்டும், மிஞ்சினதற்குப் போவோம் என்று விளையாட்டுப் போல விதி வைத்தான். சம்பந்தி ஐயா மலேசியாவை வெட்டினார், இரண்டு தரம் போய்விட்டாராம். தர்சினி பாலியை வெட்டினாள், அங்கே இப்போது எல்லாரும் போகிறார்களாம். மூன்றாவதாக நீ இந்தியாவை வெட்டினாய். அதற்கு இரண்டு நாள் கழித்துச் சம்பந்தி அம்மா துபாயை வெட்டினார், அங்கே பார்க்கக் கட்டிடம்தான் இருக்கிறதாம். உன் அப்பாவின் முறை வந்தது. அவர் "எல்லாம் நல்லம்" என்று எழுதிவிட்டுப் போனைக் கதிரையில் வைத்தார். "சிங்கப்பூர்க் கப்பலும் கட்டினனான், தாய்லாந்துக் கப்பலும் கட்டினனான். ரெண்டும் ஒரே மாதிரித்தான் கயிறு எறிவாங்கள்" என்றார். அவ்வளவுதான் அவருடைய உலகப் பயணம்.

கடைசியில் என் முறை. சிங்கப்பூரா தாய்லாந்தா, ஒன்றை வெட்டுங்கோ அம்மா என்று சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்றும் போட்டாய். நான் "திருச்சி" என்று எழுதினேன். நான்கு எழுத்து. அது காணாமல் போனது. அதன் கீழே நீ எழுதினாய், அம்மா கை தவறிப் போட்டுவிட்டா என்று. சம்பந்தி அம்மா அதற்கு ஒரு சிரிப்புப் போட்டார். எனக்குக் கை தவறவில்லை, மகன். முப்பது வருடமாக இந்தக் கையால் உனக்குச் சோறு போட்டிருக்கிறேன், ஒரு நாளும் தவறவில்லை.

நாடுகளை வெட்டுகிற வேலையை நீதான் கண்டுபிடித்தாய் என்று நினைக்காதே. உப்புவெளியில் நான் வேலை செய்கிற விடுதியில் இதைத் தினமும் பார்க்கிறேன். போன மாதம் வெள்ளைக்காரச் சோடி ஒன்று காலைச் சாப்பாட்டு மேசையில் போனை நடுவில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரை வெட்டினார்கள். அறுகம்பைக் கடற்கரையா, எல்ல மலையா, இங்கேயே இன்னும் இரண்டு இரவா. அந்தப் பெண் என்னைப் பார்த்து, இரண்டு நாளுக்குப் போதுமானது இங்கே இருக்கிறதா என்று கேட்டாள். நான் ஒப்புவித்தேன். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, புறாமலை, திமிங்கிலம். திமிங்கிலம் இந்த மாதம் வருமா என்று கேட்டாள். வராது என்று உண்மையைச் சொன்னேன். அவன் போனில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான், ஊர் முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் போய்விட்டார்கள். எனக்கு அவர்களில் கோபம் வரவில்லை. போர்வையை மடித்தேன், மணலைக் கூட்டினேன். இந்த ஊரில் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள், கோபப்பட? திமிங்கிலத்துக்காக வந்தவர்கள், திமிங்கிலம் இல்லையென்றால் போவார்கள். நீ வெட்டின ஊரில் உனக்கு ஆள் இருக்கிறாள். உன்னைத் தூக்கி நடந்தவள் இருக்கிறாள்.

எங்கள் ஊரான சம்பூரில் சண்டை வந்தபோது உனக்கு ஒன்பது வயது. ஞாபகம் இல்லை என்று சொல்லாதே. அந்த வருடத்தில் நீ படித்த பாடசாலையின் ஓட்டுக் கூரை எத்தனை துண்டாக விழுந்தது என்று கல்யாணத்துக்கு முன்னம் தர்சினிக்கு நீ கதை சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நல்ல கதை, அவள் அழுதாள். ஆனால் அந்தக் கதையில் நீ தனியாக நடந்தாய். சம்பூரிலிருந்து நீ நடக்கவில்லை, மகன். உனக்குக் காய்ச்சல், கண் திறக்காத காய்ச்சல். அப்பா துறைமுகப் பக்கம் வேலையில் அகப்பட்டு, பாதை பூட்டி, அங்கே நின்றுவிட்டார். நானும் என் அக்காவும் உன்னோடு வெளிக்கிட்டோம். ஆளுக்கு ஒரு பை. என் பையில் உன் உடுப்பு, என் அடையாள அட்டை, வளவு உறுதிப் பத்திரம். அவளுடைய பையில் அவளுடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அவளுக்கென்று எங்கள் அம்மா வைத்த இரண்டு சேலை. வெருகல் ஆற்றங்கரையில் தோணிக்காரன் சொன்னான், சாமான் ஏற்ற ஏலாது, ஆள் மட்டும் ஏறுங்கள் என்று. ஆட்களுக்கே இடம் இல்லை. ஒருத்தி உன்னைத் தூக்க வேண்டும். தூக்குகிறவளுக்குப் பை பிடிக்கக் கை இல்லை.

நான் என் பையைப் பார்த்தேன். அவள் உன்னைப் பார்த்தாள். அவள் தன் பையைக் கரையில் வைத்தாள். வைத்தாள் என்றுதான் சொல்கிறேன், எறியவில்லை. திரும்பி வந்து எடுக்கப் போகிறவள் போல, ஈரம் படாத இடமாகப் பார்த்து, ஒரு வேருக்கு மேல் வைத்தாள். பிறகு உன்னை என் கையிலிருந்து வாங்கி முதுகில் போட்டுக்கொண்டாள். நான் என் பையை மார்போடு கட்டிக்கொண்டு ஏறினேன். தோணிக்காரன் கண்டும் காணாதவன் போல இருந்தான். பெற்றவள் பையைத் தூக்கினாள், பெரியம்மா பிள்ளையைத் தூக்கினாள். இதை இத்தனை வருடமாக ஒருவருக்கும் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கும் இன்றைக்குத்தான் தெரியும், இதை வாசித்தால்.

வாகரையில் மரத்துக்குக் கீழே தறப்பாள் கூடாரம் கட்டிக் கிடந்தோம். அங்கிருந்து மட்டக்களப்பு. அங்கிருந்து மன்னாருக்குப் போன சனத்தோடு அவள் போய் இந்தியாவுக்குப் படகு ஏறினாள். கல்யாணம் கட்டாத பெண், கையில் அடையாள அட்டையும் இல்லை. சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறக்கி இருத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள், அவளால் இங்கே இருக்க முடியவில்லை. என்னையும் கூப்பிட்டாள். நான் உன் அப்பாவுக்காக நின்றேன். அவள் போய்த் திருச்சிக்குப் பக்கத்து முகாமில் இறங்கினாள். பத்துக்குப் பத்து வீடு. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். உன்னைத் திட்டிவிட்டு என்னை ஒளித்தால் நானும் உன்னைப் போலத்தான். ஒன்பது வருடம் முகாமில் வைத்திருந்துவிட்டு எங்களைச் சம்பூருக்குத் திரும்ப விட்டபோது உனக்குப் பதினெட்டு. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை கிளிவெட்டி முகாமில் கொட்டிலுக்கு முன்னால் கால் நீட்டி இருந்தாய். வீடு கட்டித் தருகிறார்கள், ஒரு வளவுக்கு ஒரு வீடு, அதில் வேறு உரிமைக்காரர் இருந்தால் அவர்களும் வந்து ஒப்பம் வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் வளவும் வீடும் பெண் பிள்ளைகளுக்குப் போகும். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அந்த வளவில் பாதி அவளுடையது. அவளைக் கூப்பிடவும் ஏலாது, அவளிடமிருந்து ஒப்பம் வாங்க மாதக்கணக்காகும். பக்கத்துக் கொட்டில்காரி ஒரு குறுக்கு வழி சொன்னாள். அவளுடைய தம்பி பிரான்சில், அவனை இல்லை என்றே எழுதிவிட்டாளாம், ஒரு கேள்வியும் வரவில்லையாம். பாதி முகாம் அப்படித்தான் எழுதியது. கடல் கடந்து போன சகோதரங்களை எல்லாம் ஒரு கிழமைக்குள் இல்லாமல் ஆக்கினோம். அது எங்களுக்குக் குற்றமாகத் தெரியவில்லை, படிவம் நிரப்புவதாகத்தான் தெரிந்தது.

என் எழுத்துக் கோணல். உன் எழுத்து முத்து. கிராமத்து அலுவலர் விதானையாருக்கு முன்னால் கதிரையில் இருந்து நீதான் படிவத்தை நிரப்பினாய். அவர் கேட்டார், "சகோதரங்கள் இருக்கினமோ?" நீ பேனையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் சொன்னேன், "எனக்குச் சகோதரம் ஒருத்தரும் இல்லை." ஒரு கணம், ஒரே ஒரு கணம், நீ எழுதாமல் இருந்தாய். அந்தக் கணத்தை நான் மறக்கவில்லை. பிறகு எழுதினாய். நான் கீழே ஒப்பம் வைத்தேன்.

அப்படி வாங்கின வீட்டின் திறப்பு இப்போது எங்கே தொங்குகிறது என்று உனக்குத் தெரியும். துறைமுகத்துப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டில், கதவுக்குப் பின்னால், ஆணியில். சம்பூரில் ஏழு மாதம் படுத்தோம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, அப்பாவுக்கு வேலை இக்கரையில், உனக்குக் கொழும்பில் படிப்பு. இப்போது பக்கத்து வளவுக்காரரின் ஆடுகள் அந்த முன் விறாந்தையில் படுக்கின்றன. என் அக்காவை இல்லாமல் ஆக்கி நான் ஆடுகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தேன்.

அவள் திரும்பி வரக் கேட்டாள். ஒரு தரம் இல்லை, பல தரம். அங்கே உள்ள அலுவலகத்தில், நீ இந்த ஊர்தான் என்பதற்கு உன் ஊர் விதானையாரின் கடிதம் கொண்டு வா என்கிறார்களாம். "ஒரு கடிதம் எடுத்து அனுப்படி" என்றாள். நான் போனேன். இப்போதுள்ளவர் புதியவர், இளம் ஆள். கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, அம்மா, உங்களுக்குச் சகோதரம் இல்லை என்றுதானே இதில் இருக்கிறது என்றார். உன் எழுத்தை மேசையில் பார்த்தேன். எவ்வளவு அழகான எழுத்து. நான் வீட்டுக்கு வந்து அவளுக்குப் போன் எடுத்து, விதானையார் லீவில் நிற்கிறார் என்றேன். அடுத்த வருடம் இடமாற்றம் என்றேன். அதற்கடுத்த வருடம் கொரோனா. அவள் ஒரு நாளும் என்னைச் சந்தேகப்படவில்லை. "அந்த மனிசனுக்கும் குடும்பம் இருக்கும்தானே, லீவு எடுக்கட்டும்" என்றாள்.

அவளுக்குச் சீனி வருத்தம். இந்தத் தை மாதம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன்னைத் தூக்கி நடந்த கால் என்று எழுதினால் நாடகம் போல இருக்கும், ஆனால் அது அந்தக் கால்தான். போனில் அவள் அழவில்லை. "கடிதம் இனி வேண்டாம், விடு. நீ ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ. பொடியனையும் கூட்டி வா. வெளி ஆக்களை முகாமுக்குள்ள விடமாட்டாங்கள், நான் ஓட்டோ பிடிச்சு வாசலுக்கு வாறன்" என்றாள். பொடியன் என்றால் நீ. அவளுக்கு நீ இன்னும் காய்ச்சல் பொடியன். உனக்குப் பிடித்த பால் முறுக்கு அங்கே ஒரு கடையில் இருக்கிறதாம். உனக்கு அது பிடிக்குமா என்று எனக்கே மறந்துபோய்விட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஒரு மணித்தியாலம். நீ வெள்ளவத்தையிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற நேரம் அதைவிடக் கூட. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிறது. உன் ஆறு நாட்டிலும் கிட்டடி அதுதான். அதனால்தான் நீ இந்தியா என்று பட்டியலில் போட்டபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இரண்டு தரம் வாசித்தேன். பிள்ளை மறக்கவில்லை என்று நினைத்தேன். பைத்தியக்காரி. பட்டியல் நிறைவாகத் தெரிய ஒரு நாடு குறைந்தது, அதைப் போட்டாய். நான் சந்தோஷப்பட்டு உனக்குப் போன் எடுத்தபோதுதான் உனக்கு உறைத்தது.

"அம்மா, அது ட்ரிப் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போற மாதிரி" என்றாய்.

"ஓம், ஆள் பார்க்கத்தான். எனக்கு வேற என்ன பார்க்க இருக்கு?"

"மாமா மாமியையும் கூட்டிக்கொண்டு முகாம் வாசலில நிக்கச் சொல்லுறீங்களோ?"

"அவையள் ஹோட்டலில நிக்கட்டும். நானும் நீயும் ஒரு பின்னேரம் போய் வருவம்."

"என்னெண்டு சொல்லிப் போறது?"

"என்ர அக்கா எண்டு சொல்லு."

நீ குரலை இறக்கிச் சொன்னாய், "நான் வீடியோ கோல் எடுத்துத் தாறன் அம்மா, ஆறுதலாய்க் கதையுங்கோ." அன்று பின்னேரம் இந்தியாவை வெட்டினாய். வெயிலாம்.

நீ ஏன் குரலை இறக்கினாய் என்று எனக்கு ஏற்கனவே தெரியும். சித்திரை வருடப் பிறப்புக்கு நீங்கள் எல்லாரும் இங்கே வந்தபோதே தெரியும். குசினியில் நான் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். சம்பந்தி அம்மா நல்ல மனிசி, வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று பக்கத்தில் வந்து இருந்தார். அவருடைய தம்பி லண்டனில், தங்கச்சி ரொறன்ரோவில், கோடையில் யார் யாரிடம் போகிறார்கள் என்று கதை போனது. பிறகு என்னைப் பார்த்து, மெய்யான அனுதாபத்தோடு சொன்னார், "உங்களுக்குச் சகோதரம் ஒருத்தரும் இல்லையாம் எண்டு மருமகன் சொன்னவர். தனியாய் வளர்ந்தது கவலைதான் என்ன?"

சொல்லுக்குச் சொல் அதே வசனம். விதானையார் மேசையில் நான் சொல்ல நீ எழுதின வசனம். எழுதும்போது படித்துவிட்டாய். பத்து வருடம் கழித்துப் பெண் கேட்டுப் போன வீட்டில் ஒப்புவித்திருக்கிறாய். நீ குசினி வாசலில் பிளேன்டீக் குவளையோடு நின்றாய். என்னைப் பார்த்தாய், பிறகு குவளைக்குள் பார்த்தாய். நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நான் "ஓம்" என்றேன். தேங்காயைத் தொடர்ந்து துருவினேன். அது இரண்டாம் தரம், மகன். முதல் தரம் வீட்டுக்காகச் சொன்னேன். இரண்டாம் தரம் உன் மாமியாரின் முகத்துக்காகச் சொன்னேன். இரண்டாவது கேவலம்.

உன் வெட்கத்தை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன், அதற்குக் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறதா என்று. சம்பந்தி அம்மாவின் தம்பி லண்டனில் எப்படி இறங்கினார்? கடவுச்சீட்டைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுவிட்டு, அகதி என்று கையைத் தூக்கி இறங்கினார். அவரே கல்யாணத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்னார், நீயும் சிரித்தாய். அவருக்கு லண்டன் மாமா என்று பெயர். அவர் வந்தால் வான் பிடித்து விமான நிலையத்துக்கு ஆள் போகிறது. என் அக்காவும் காகிதங்களைக் கைவிட்டுக் கடல் கடந்து, அகதி என்று கையைத் தூக்கித்தான் இறங்கினாள். அவளுக்கு நீ வைத்த பெயர், இல்லை. இரண்டு பேரும் ஒரே சண்டைக்குப் பயந்து ஓடினவர்கள். ஒருவர் குளிர்கிற நாட்டுக்குப் போனார், ஒருத்தி வெயில் அடிக்கிற நாட்டுக்குப் போனாள். அந்த அளவில் நீ சொன்ன காரணம் உண்மைதான். வெயிலுக்காகத்தான் வெட்டினாய்.

இப்படியான கடிதத்தில் தாய் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். சரி, சொல்கிறேன். நீ வெட்கப்படுவதற்கு ஆள் தேடுகிறாய் என்றால் கிட்டத்தில் இருக்கிறவளைப் பார்த்து வெட்கப்படு. பையைக் கட்டிக்கொண்டு தோணி ஏறினவளுக்குச் சிங்கப்பூரோ தாய்லாந்தோ காட்டுகிறாய். பையை விட்டுவிட்டு உன்னைத் தூக்கினவளுக்கு வீடியோ கோல் காட்டுகிறாய். பரிசைத் தவறான ஆளுக்குத் தருகிறாய். நான் அந்த ஊர்ப் பூங்காவையும் வெளிச்சத்தையும் பார்த்து என்ன செய்ய? உன் மாமன் மாமியோடு நின்று படம் எடுப்பேன். படத்தில் நல்லாயிருப்பேன். விடுதியில் எத்தனை பேர் கடற்கரையில் நின்று அப்படிப் படம் எடுக்கிறார்கள், நான்தான் போனைப் பிடித்துத் தருகிறேன். படம் எடுத்ததும் முகம் எப்படி மாறுகிறது என்று எனக்குத் தெரியும்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். போன செவ்வாய் காலையில் விடுதிக்கு லீவு சொல்லிவிட்டு மூதூர்ப் பக்கம் போய், அந்த இளம் விதானையாருக்கு முன்னால் இருந்து, படிவத்தில் பொய் சொன்னேன் என்று சொன்னேன். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அந்த வளவில் பாதி அவளுடையது என்றேன். அவர் பேனையை மூடினார். "இதை ஏனம்மா இப்ப சொல்லுறீங்கள்? ஒருத்தரும் கேக்கேல்லையே" என்றார். பிறகு ஏசினார். சட்டம், விசாரணை, வீட்டைத் திருப்பி எடுப்பார்கள் என்றெல்லாம் சொன்னார். எடுக்கட்டும், ஆடுகளுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கோ என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளைத் தாள் ஒன்றைத் தந்து எழுதித் தரச் சொன்னார். என் கோணல் எழுத்தில் நானே எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணித்தியாலம். அவளுடைய பெயரை முழுப் பெயராக எழுதினேன், தகப்பன் பெயரோடு. இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் அந்தப் பெயர் ஒரு தாளில் ஏறியது அன்றைக்குத்தான்.

அதை அக்காவுக்கு நான் போனில் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். அந்த முகாம் வாசலில், ஓட்டோவுக்குள் அவள் இருக்க, நான் நின்றுகொண்டு சொல்வேன். அவள் ஏசினால் கேட்பேன். முகத்தைத் திருப்பினால் திருப்பட்டும். நீ வந்தாலும் வராவிட்டாலும் ஐப்பசிக்குள் போகிறேன். கடவுச்சீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது, ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. முதல் முத்திரை எந்த நாட்டுடையது என்று முடிவு செய்துவிட்டேன். உன் அப்பாவும் வருகிறார். "கயிறு எறிய ஆள் இல்லாத ஊருக்கு ஒருக்கா போய்ப் பாப்பம்" என்றார்.

ஆனால் அவள் உன்னைத்தான் கேட்டாள். போனில் மூன்று தரம் கேட்டுவிட்டேன், பிறகு எடுக்கிறன் என்று வைத்தாய். குழுவில் கேட்டேன், அழித்தாய். இதுவும் அப்படியே போகலாம். என் பொய்யை என் கையால் திருத்தினேன். நீ எழுதினது உன் கையில் இருக்கிறது. குழுவைத் திற. சம்பந்தி ஐயா, சம்பந்தி அம்மா, தர்சினி எல்லாரும் பார்க்க, உன் அழகான எழுத்தில், திருச்சி என்று எழுது. அதன் கீழே, அங்கே என் அம்மாவின் அக்கா இருக்கிறா, அவவின் பெயர் இது என்று எழுது.